எல்லைக் கோடும் ஏழை மாணாக்கரும்

ஐக்கிய அமெரிக்காவைச் செல்வம் கொழிக்கும் தேசமென்று உலகம் சொல்லுகிறது. கல்வியின் பொருட்டு அத்தேசத்தார் செலவிடும் திரவியமும் சிறிதல்ல. ஆயினும் ஒரு தேசத்தின் கல்வி முறையை அளந்தறிய, அதன் சர்வகலாசாலைகளின் மாடகூடங்களைக் கண்டு வியப்பது மட்டும் போதாது. கையில் பொருளின்றி அவற்றின் வாயிலில் வந்து நிற்கும் மாணாக்கனுக்கு என்ன விடை கிடைக்கிறதென்று பார்க்க வேண்டும். அம்மாணாக்கன் பக்கத்து ராஜ்யத்திலிருந்து வந்தவனாயிருந்தால் அவனுக்குக் கிடைக்கும் விடை யாது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

அமெரிக்காவில் ‘கம்யூனிடி காலேஜ்’ என்று வழங்கும் கலாசாலைகளைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். உள்ளூர் ஜனங்களுக்கென்று ஏற்பட்டவையாதலால் அவற்றைச் சமூகக் கலாசாலைகள் என்று நாம் குறிப்பிடுவோம். இவற்றில் சொற்பச் செலவில் இரண்டு வருஷம் படித்துவிட்டுப் பின்னர் சர்வகலாசாலையொன்றில் சேர்ந்து, மேலும் இரண்டு வருஷத்தில் பட்டம் பெறலாமென்பது ஏற்பாடு. சர்க்கார் நிர்வாகத்தில் இன்றும் நடைபெற்று வரும் இத்தகைய கலாசாலைகளில் மிகப் பழையது 1901-ல் இல்லினாய்ஸ் ராஜ்யத்து ஜோலியட் நகரில் ஏற்பட்டதாகும். அவ்வூர் உயர்தரப் பாடசாலையின் தலைவர் ஜே. ஸ்டான்லி பிரவுனும், சிக்காகோ சர்வகலாசாலையின் தலைவர் வில்லியம் ரெயினி ஹார்ப்பரும் கலந்து யோசித்து அதனை ஆரம்பித்தபோது படிக்க வந்தவர்கள் ஆறே பேர். ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்தரக் கல்விக் கமிஷன் 1947-ல் வெளியிட்ட அறிக்கையில், உயர்தரப் பாடசாலைக்கு மேற்பட்ட முதல் இரண்டு வருஷப் படிப்பு யாவருக்கும் சம்பளமின்றிக் கிடைக்க வேண்டுமென்று சிபார்சு செய்தது. அது முதல் இக்கலாசாலைகள் தேசமெங்கும் பல்கிப் பெருகின.

இவற்றில் சேருவோரில் நூற்றுக்கு எண்பது பேர் பட்டம் பெறும் விருப்பத்துடனேயே சேருகின்றனர். ஆனால் சர்வகலாசாலைக்கு மாறிச் செல்வோர் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரே. ஆறு வருஷத்துக்குள் பட்டம் பெறுவோர் நூற்றுக்கு 16 பேர்தாம் என்று 2024-ல் வெளியான கணக்குக் கூறுகிறது. நூறு பேர் ஏறத் தொடங்கும் ஏணியில் உச்சிக்குப் போய்ச் சேருவோர் பதினாறு பேரென்றால், ஏறுகிறவர்களைக் குறை கூறுவதைவிட ஏணியைச் சோதித்துப் பார்ப்பதே விவேகமாகும். அந்த ஏணியில் முறிந்து கிடக்கும் படிகள் பலவற்றுள் ஒன்று ராஜ்ய எல்லை.

மூன்று ஊற்றுக்கள்

அமெரிக்க மாணாக்கனுக்குப் பண உதவி மூன்று ஊற்றுக்களிலிருந்து வருகிறது. முதலாவது சமஷ்டி சர்க்கார். 1965 நவம்பர் 8-ந் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் டெக்ஸாஸில் தாம் பயின்ற கலாசாலைக்கே சென்று உயர்தரக் கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். திருப்பிக் கொடுக்க வேண்டாத உதவித் தொகை 1972-ல் ஏற்பட்டது. அது 1980 முதல் ரோட் ஐலண்ட் ஸெனேட்டர் கிளைபோர்ன் பெல்லின் பெயரால் ‘பெல் கிராண்ட்’ என வழங்கி வருகிறது. இரண்டாவது ஊற்று அந்தந்த ராஜ்ய சர்க்கார் தன் வாசிகளுக்கு அளிக்கும் உதவி. மூன்றாவது சர்வகலாசாலைகள் தம் சொந்த நிதியிலிருந்து கொடுப்பது.

இம்மூன்றில் ராஜ்ய எல்லையைத் தாண்டி மாணாக்கனுடன் கூடச் செல்வது சமஷ்டி உதவி ஒன்றே. மனுவில் புதிய சர்வகலாசாலையின் பெயரைச் சேர்த்துவிட்டால் பெல் தொகை அங்கே போய்ச் சேரும். ராஜ்ய உதவியோ பெரும்பாலும் எல்லைக் கோட்டில் நின்றுவிடுகிறது. கலிபோர்னியாவின் ‘கால் கிராண்ட்’ கலிபோர்னியாவுக்குள்ளேயே செல்லும். இல்லினாய்ஸின் ‘மாப் கிராண்ட்’ இல்லினாய்ஸுக்கு வெளியே செல்லாது. வெர்மாண்ட் என்னும் சிறிய ராஜ்யம் தன் உதவித் தொகையைத் தன் மாணாக்கர் பிற ராஜ்யங்களுக்கும் கொண்டு செல்ல இடங்கொடுத்திருப்பது பாராட்டத் தக்கது. சர்வகலாசாலைகளின் சொந்த நிதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அவை முதலில் தம் ராஜ்யத்தாரையே கவனிக்கின்றன. வெளியாருக்குக் கொடுக்கும்போதும் பாடசாலையிலிருந்து நேரே வரும் புதுமாணாக்கருக்குக் கொடுக்கும் தாராளம், இடையில் மாறி வருவோருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே எல்லையைக் கடக்கும் சமூகக் கலாசாலை மாணாக்கனுக்கு மூன்று ஊற்றுக்களில் ஒன்று வறண்டு போகிறது. மற்றொன்று துளித்துளியாகவே சொட்டுகிறது.

கணக்குக் கூறும் கதை

வார்த்தைகளைவிட எண்கள் இதனைத் தெளிவாக்கும். 2024-25-ம் கல்வி வருஷத்தில் பெல் கிராண்டின் உச்சத் தொகை 7,395 டாலர். அதே வருஷத்தில் சமூகக் கலாசாலையின் சராசரிச் சம்பளம் 4,050 டாலர். சொந்த ராஜ்யத்துச் சர்வகலாசாலையின் சராசரி 11,610 டாலர். வெளி ராஜ்யத்துச் சர்வகலாசாலையின் சராசரியோ 30,780 டாலர். ஒரே பெல் தொகை முதல் வாயிலில் சம்பளம் முழுவதையும் அடைத்துப் புஸ்தகத்துக்கும் மிஞ்சுகிறது. இரண்டாவது வாயிலில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது. மூன்றாவது வாயிலில் நாலிலொரு பங்குக்கும் குறைந்துபோகிறது. மாணாக்கன் மாறவில்லை; அவன் வறுமையும் மாறவில்லை. எல்லைக் கோடு ஒன்றுதான் குறுக்கிட்டது.

ஜோலியட் நகரத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து இல்லினாய்ஸ் சர்வகலாசாலை இருக்கும் அர்பானாவும், இந்தியானா ராஜ்யத்தின் பர்டியூ சர்வகலாசாலையும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய நூறு மைல் தூரத்திலேயே இருக்கின்றன. பர்டியூ தன் சம்பளத்தை 2012-13 முதல் உயர்த்தாமல் பல்லாண்டு காத்து வந்ததாகப் புகழ் பெற்றது. 2024-25-ல் இந்தியானா வாசி அங்கே செலுத்திய தொகை 9,992 டாலர். வெளி ராஜ்யத்து அமெரிக்கன் செலுத்தியது 28,794 டாலர். முழுப் பெல் தொகை பெறும் இந்தியானா மாணாக்கனுக்குச் சம்பளத்தில் குறைவது 2,597 டாலரே. ஜோலியட்டிலிருந்து செல்லும் மாணாக்கனுக்குக் குறைவது 21,399 டாலர்.

கடன் வாங்கலாமே என்பர். பெற்றோரைச் சார்ந்த மாணாக்கன் மூன்றாம் வருஷத்தில் சமஷ்டி சர்க்காரிடம் பெறக்கூடிய கடன் 7,500 டாலர்தான். அதையும் கழித்தால் 13,899 டாலர் பாக்கி நிற்கிறது. இரண்டு வருஷத்துக்கு 27,798 டாலராகும். ஊணும் உறைவிடமும் இதில் சேரவில்லை. முழுப் பெல் தொகைக்குத் தகுதியுள்ள வறிய குடும்பம் இத்தொகைக்கு எங்கே போகும்? பெற்றோரின் பெயரால் வாங்கும் ‘பேரண்ட் பிளஸ்’ கடன் ஒன்று உண்டு. அதற்கும் 2025-ல் நிறைவேறிய சட்டம் 2026 ஜூலை 1 முதல் வருஷத்துக்கு 20,000 டாலர், ஒரு மாணாக்கனுக்கு மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு கட்டியது. வரம்புக்குள் அடங்கினாலும், மகனைப் படிக்க வைப்பதற்காகத் தாய் தந்தையர் முதுமைவரை கடனாளிகளாயிருக்க வேண்டுமென்பதை உதவி என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இதனோடு மற்றொரு நஷ்டமும் சேருகிறது. முந்திய கலாசாலையில் தேறிய பாடங்கள் புதிய சர்வகலாசாலையில் முழுதும் ஒப்புக்கொள்ளப்படுவதில்லை. 2004 முதல் 2009 வரை மாறிச் சென்ற மாணாக்கர் தாங்கள் பெற்றிருந்த பாட அலகுகளில் சராசரி நூற்றுக்கு 43 பங்கை இழந்ததாக அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் 2017-ல் மதிப்பிட்டது. ஒரே ராஜ்யத்துக்குள் இந்நஷ்டத்தைக் குறைக்க ஒப்பந்தங்கள் உண்டு. புளோரிடா 1971-லேயே இதற்கு வழி செய்தது. ஆனால் அவ்வொப்பந்தங்களின் அதிகாரமும் ராஜ்ய எல்லையோடு முடிகிறது. படித்த பாடத்தையே மீண்டும் படிக்க நேர்ந்தால் செலவு கூடுகிறது. அத்துடன் ஆயுளில் பன்னிரண்டு அரைவருஷங்களுக்கு மேல் பெல் தொகை கிடையாதென்ற விதியும் இருப்பதால், வீணாகும் ஒவ்வொரு பருவமும் கடைசியில் உதவி கிடைக்க வேண்டிய பருவத்தைத் தின்றுவிடுகிறது.

நியாயஸ்தலங்கள் கூறுவதென்ன?

அந்த ராஜ்யத்துக்கே குடியேறி, அங்குள்ளோருக்குரிய சம்பளத்தைச் செலுத்தலாகாதா என்று கேட்கலாம். சட்டம் பயின்ற நமக்கு இவ்விஷயத்தில் அமெரிக்க நியாயஸ்தலங்கள் நடந்துவந்த வழி சிந்தனைக்குரியதாகத் தோன்றுகிறது. 1969-ல் ஷாபிரோ எதிர் தாம்ஸன் என்ற வழக்கில், புதிதாகக் குடிவந்த ஏழைகள் ஜீவனாம்ச உதவி பெற ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமென்ற விதியைச் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. தேசத்துக்குள் எங்கும் சென்று வாழும் உரிமைக்கு அது பங்கம் விளைவிப்பதென்பது தீர்ப்பு. ஆனால் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் குறைந்த சம்பளம் பெற ஒரு வருஷ வாசம் வேண்டுமென்ற விதியைக் கீழ்க்கோர்ட்டு ஒப்புக்கொண்டபோது, சுப்ரீம் கோர்ட்டு 1971-ல் அத்தீர்ப்பை ஊர்ஜிதம் செய்தது. ஆகாரத்தைக் காக்க வைக்கலாகாது. அறிவைக் காக்க வைக்கலாம் என்பதே இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் ஏற்படும் பொருள்.

1973-ல் விளாண்டிஸ் எதிர் கிளைன் வழக்கு வந்தது. மனுச் செய்த காலத்தில் வெளி ராஜ்யத்து விலாசம் இருந்தால் படிப்பு முடியும்வரை வெளியாரே என்று கனெக்டிகட் ராஜ்யம் சட்டம் செய்திருந்தது. அங்கேயே வந்து குடும்பம் நடத்துகிற ஒருவர் தாம் அவ்வூர் வாசியென்று நிரூபிக்கவும் இடங்கொடாத அச்சட்டம் செல்லாதென்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. எனினும் உண்மையான வாசிகள் யாரென்று தீர்மானிக்க ராஜ்யங்கள் நியாயமான நிபந்தனைகளை விதிக்கலாமென்றும் அத்தீர்ப்பே கூறியது. அந்நிபந்தனைகளைக் கொண்டே கதவு மீண்டும் சாத்தப்படுகிறது. பெற்றோரைச் சார்ந்த மாணாக்கனின் வாசஸ்தலம் பெற்றோரின் வாசஸ்தலமே என்றும், படிப்பதற்காக மட்டும் வந்து தங்கிய காலம் வாசமாகாதென்றும் பெரும்பாலான ராஜ்யங்கள் கொள்ளுகின்றன. இரண்டு வருஷத்தில் முடிய வேண்டிய படிப்புக்கு ஒரு வருஷம் காத்திருப்பதென்பதும் நடவாத காரியம். ஆகவே கோர்ட்டு வாயிலாக இதற்குப் பரிகாரம் கிடைக்குமென்று எண்ணுவதற்கில்லை. சட்டசபைகளே வழிகாண வேண்டும்.

ஆட்சேபத்துக்குச் சமாதானம்

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஒரு ராஜ்யத்தின் ஜனங்கள் வரி கொடுத்து வளர்த்த சர்வகலாசாலையில் அவர்கள் பிள்ளைகளுக்கே சலுகை உரியது. வரி கொடாத அயலார் அதிகம் கொடுக்கட்டும் என்பது அவ்வாதம். இதில் நியாயமே இல்லையென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இது முழு நியாயமன்று. 1862-ல் ஜனாதிபதி லிங்கன் கையொப்பமிட்ட மாரில் சட்டத்தின்படி, காங்கிரஸில் ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் இருந்த அங்கத்தினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் தேசத்தின் பொது நிலம் கலாசாலைகளுக்காக வழங்கப்பட்டது. பர்டியூவும் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையும் அந்நில தானத்தைக் கொண்டு தோன்றியவையே. இன்றும் சர்வகலாசாலைகளின் ஆராய்ச்சிக்குச் சமஷ்டி சர்க்காரின் பணம் பெருந்தொகையாகச் செல்லுகிறது. அது ஐம்பது ராஜ்யத்தாரும் கொடுத்த வரியல்லவா? அஸ்திவாரம் இட்டதிலும், இன்று எண்ணெய் வார்ப்பதிலும் தேசம் முழுவதும் பங்கு கொண்டிருக்க, விளக்கு மட்டும் ஒரு ராஜ்யத்தாருடைய சொத்து என்பது எப்படிப் பொருந்தும்?

தன் ராஜ்யத்திலேயே படித்தாலென்ன என்பது மற்றொரு கேள்வி. பலருக்கு அதுவே நல்லது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் எல்லையோரத்தில் வசிப்பவனுக்கு அயல் ராஜ்யத்துச் சர்வகலாசாலையே அருகில் இருக்கலாம். அவன் விரும்பும் படிப்பு சொந்த ராஜ்யத்தில் இல்லாமலுமிருக்கலாம். பிழைப்பை நாடிக் குடும்பமே இடம் பெயர நேரலாம். பணமுள்ளவனுக்கு இக்காரணங்களை யாரும் கேட்பதில்லை. அவன் விரும்பிய இடத்தில் படிக்கிறான். ஏழையிடம் மட்டும் காரணம் கேட்பது முறையன்று.

இப்போதுள்ள வழிகள்

அடைபட்ட கதவுகளுக்கிடையே திறந்திருக்கும் சாளரங்கள் சில உண்டு. மேற்கு ராஜ்யங்கள் தம்முள் செய்துகொண்ட பரிவர்த்தனை ஏற்பாட்டின்படி, அதில் சேர்ந்த கலாசாலைகள் உள்ளூர்ச் சம்பளத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்குவதில்லை. மத்திய மேற்கு ராஜ்யங்களிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. நியூ இங்கிலாந்தின் ஆறு ராஜ்யங்களும் ஒருவர் மாணாக்கருக்கு மற்றவர் சலுகை காட்டுகின்றனர். தெற்கு ராஜ்யங்களில், சொந்த ராஜ்யத்தில் இல்லாத படிப்பை அயல் ராஜ்யத்தில் உள்ளூர்ச் சம்பளத்துக்கே படிக்கலாம். மின்னஸோட்டா தன் அண்டையிலுள்ள விஸ்கான்ஸினுடனும் இரண்டு டகோடாக்களுடனும் தனி உடன்படிக்கை செய்திருக்கிறது. ஆனால் எந்தக் கலாசாலை சேருவது, எத்தனை இடம், எந்தப் படிப்பு, மாறி வருவோருக்கும் உண்டா என்பதெல்லாம் அந்தந்தக் கலாசாலையின் இஷ்டம். பெயர் பெற்ற சர்வகலாசாலைகள் பல இவற்றில் சேராமல் விலகி நிற்கின்றன.

டெக்ஸாஸில் போட்டியில் வென்று 1,000 டாலருக்குக் குறையாத உபகாரச் சம்பளம் பெறும் வெளி ராஜ்யத்தானிடம் உள்ளூர்ச் சம்பளமே வாங்கலாமென்று சட்டம் உண்டு. வர்ஜீனியா சர்வகலாசாலையும், சாப்பல் ஹில்லிலுள்ள வட கரோலினா சர்வகலாசாலையும் வெளி ராஜ்யத்து ஏழை மாணாக்கரின் தேவையையும் முழுதும் ஈடுசெய்வதாக ஏற்றிருப்பவை. ஆனால் அங்கே இடம் கிடைப்பதே அரிது. 1918-ல் தோன்றிய ‘பை தீட்டா காப்பா’ என்னும் சமூகக் கலாசாலை மாணாக்கர் சங்கத்தின் அங்கத்தினருக்குப் பல சர்வகலாசாலைகள் தனி உபகாரச் சம்பளம் தருகின்றன. ஜாக் கெண்ட் குக் தர்ம ஸ்தாபனம் தேர்ந்தெடுக்கும் சிலருக்கு வருஷத்துக்கு 55,000 டாலர் வரை கொடுக்கிறது. மாணவர் வீசாவில் அங்கே செல்லும் நம் நாட்டார்க்குப் பெல் தொகையும் சமஷ்டிக் கடனும் கிடையா என்பதையும், நிரந்தர வாச உரிமை பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவை உண்டு என்பதையும் நேயர்கள் நினைவில் வைப்பது நலம்.

இவ்வழிகள் நல்லவையே. ஆனால் இவை யாவும் ஒன்று அதிர்ஷ்டத்தையோ, அபூர்வத் திறமையையோ, பிறந்த இடத்தையோ பொறுத்தவை. சாதாரணத் திறமையும் அசாதாரண உழைப்புமுள்ள ஏழை மாணாக்கன் நம்பிப் பிடித்துக்கொள்ளக்கூடிய உரிமையாக இவற்றில் ஒன்றும் இல்லை.

செய்ய வேண்டியது

அமெரிக்கக் காங்கிரஸுக்கு இது புதிய காரியமன்று. தலைநகரான வாஷிங்டன் எந்த ராஜ்யத்திலும் சேராதது. அதன் பிள்ளைகளுக்குப் பல கலாசாலைகள் கொண்ட சொந்த ராஜ்யக் கல்வி அமைப்பு இல்லையென்பதை உணர்ந்து 1999-ல் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. தேசத்தின் எந்த ராஜ்யத்துச் சர்வகலாசாலையில் அவர்கள் சேர்ந்தாலும், உள்ளூர்ச் சம்பளத்துக்கும் வெளியார் சம்பளத்துக்குமுள்ள வித்தியாசத்தில் வருஷத்துக்கு 10,000 டாலர் வரை சமஷ்டி சர்க்காரே கொடுக்குமென்று அச்சட்டம் ஏற்பாடு செய்தது. 2014-ல் மற்றொரு சட்டம், சேனையில் சேவை செய்து திரும்பியவர்கள் தமக்குரிய கல்வி உதவியைக் கொண்டு எந்த ராஜ்யத்தில் படித்தாலும் அவர்களிடம் உள்ளூர்ச் சம்பளமே வாங்க வேண்டும். இன்றேல் அந்த உதவித் திட்டத்திலிருந்து கலாசாலை நீக்கப்படும் என்று விதித்தது. எல்லைச் சுவர் இடிக்க முடியாததன்று என்பதற்கு இவ்விரண்டும் சாட்சி. இரண்டு இடத்தில் வாயில் வைத்தவர்களுக்கு மூன்றாவது வாயில் வைக்கத் தெரியாமற் போகாது.

நம் யோசனை மூன்று. சமூகக் கலாசாலையில் இரண்டு வருஷப் படிப்பை ஒழுங்காய் முடித்து, பெல் தொகைக்கும் தகுதியுள்ள மாணாக்கனுக்கு, தலைநகரத்தாருக்குச் செய்தது போன்ற வித்தியாசத் தொகை சமஷ்டி சர்க்காரால் கொடுக்கப்பட வேண்டும். அத்தகையவனிடம் உள்ளூர்ச் சம்பளத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் எந்தச் சர்க்கார் சர்வகலாசாலையும் வாங்கலாகாதென்று நிபந்தனை ஏற்பட வேண்டும். அவன் பெற்ற இரண்டு வருஷச் சான்று எந்த ராஜ்யத்திலும் இரண்டு வருஷமாகவே கணக்கிடப்பட வேண்டும். சர்வகலாசாலைகளுக்கு நேரும் நஷ்டத்துக்கு ஓரளவு ஈடு, முதல் யோசனையிலேயே அடங்கியிருக்கிறது. முதலில் தொகைக்கும் ஆளெண்ணிக்கைக்கும் வரம்பு கட்டி நடத்திப் பார்க்கலாம்.

ஆறு பேருடன் ஜோலியட்டில் தொடங்கிய முயற்சியின் கருத்து, உயர்தரக் கல்வியின் முதற்படியை ஏழையின் வீட்டு வாயிலுக்கே கொண்டுவருவது. அப்படியில் ஏறி நின்றவனை, மேற்படி அயல் ராஜ்யத்தில் இருக்கிறதென்று சொல்லிக் கீழே இறக்குவது அக்கருத்துக்கு அடுக்காது. தேசம் ஒன்று என்று கொடியும் கீதமும் சொல்லுகின்றன. கலாசாலைக் காரியாலயத்தின் சம்பள அட்டவணையும் அதையே சொல்லும் நாள் வருமானால், அதுவே அந்த ஒருமைப்பாட்டுக்குச் சரியான அத்தாட்சியாகும்.